கரண்ட் தருமா கழிவுநீர்?

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போகிறவர்களுக்குக் கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் எல்லாம் பழகிய பெயர்கள். ஆரம்பாக்கத்தோடு தமிழ்நாடு முடிந்துவிடும். அடுத்து தடா. சென்னை இளைஞர்களுக்குத் தடா என்றால் அருவி. மற்றவர்களுக்கு அது சூளூர்ப்பேட்டை மின்சார ரயில் நின்று போகும் ஒரு ஸ்டேஷன். 2008-ல் ஸ்ரீ சிட்டி தொடங்கிய பிறகு அந்தப் பெயருக்கு இன்னோர் அர்த்தமும் சேர்ந்துகொண்டது: வேலை. சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் பரந்து கிடக்கும் இந்தத் தொழில் நகரம் முதலில் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரலில் ஆந்திரம் மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது.

இசுசு வண்டி, டைகின் ஏசி, அல்ஸ்டாம் மெட்ரோ ரயில் பெட்டி என்று இங்கே தயாராகும் பொருள்களின் பட்டியல் நீளம். நமக்கு வேண்டியது அதில் இரண்டு பெயர்கள்தான். 2015-ல் பெப்சிகோ இங்கே ஒரு பெரிய பான ஆலையைத் திறந்தது. 2016-ல் கேட்பரி சாக்லெட் தயாரிக்கும் மாண்டலீஸ் திறந்தது. குளிர்பானமோ சாக்லெட்டோ, எந்த ஊரில் தயாரித்தாலும் தொட்டியையும் குழாயையும் ஓயாமல் கழுவியாக வேண்டும். கழுவிய தண்ணீரில் சர்க்கரை இருக்கும், பாலும் கொழுப்பும் இருக்கும். மனிதனுக்கு அது கழிவு. பாக்டீரியாவுக்கு விருந்து.

அந்த விருந்தைப் போட்டு பாக்டீரியாவிடமிருந்து மின்சாரமோ எரிவாயுவோ வாங்கலாம் என்பது உயிரிப் பொறியியலில் இன்று ஆராய்ச்சிப் பணம் தேடிப் போகிறவர்களின் பிரியமான தலைப்புகளில் ஒன்று. இன்னொன்று, உடலுக்குள் வைத்தால் சூட்டுக்கும் அமிலத்துக்கும் ஏற்பத் தானே மாறிக்கொள்ளும் ‘ஸ்மார்ட்’ உயிர்ப்பொருள்கள். 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பயோ-இ3 கொள்கை இப்படிப்பட்ட உயிரி உற்பத்தியைத்தான் நாட்டின் அடுத்த தொழிலாக முன்வைக்கிறது. இரண்டுக்கும் பணம் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். எதை எதிர்பார்த்துக் கொடுக்கிறோம் என்பதில்தான் தொடர்ந்து ஏமாந்துகொண்டிருக்கிறோம்.

நூற்றுப் பதினைந்து ஆண்டு பழைய புதுமை

‘கழிவுநீரிலிருந்து மின்சாரம்: மாணவர்கள் சாதனை’ என்ற செய்தியை எல்லோரும் படித்திருப்போம். படத்தில் நான்கைந்து பிளாஸ்டிக் டப்பா, நடுவே சிவப்பாக ஒரு எல்.இ.டி. பொய்யில்லை, நிஜமாகவே எரியும். ஆனால் விஷயம் புதிதில்லை. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் எம்.சி. பாட்டர் 1911-லேயே ஈஸ்ட்டையும் ஈ. கோலை பாக்டீரியாவையும் வைத்து அரை வோல்ட் வரை எடுத்துக் காட்டிவிட்டார். 1931-ல் பார்னெட் கோஹன் அதே மாதிரி செல்களைத் தொடராக இணைத்து 35 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினார். மின்னோட்டம் வெறும் 2 மில்லி ஆம்பியர். பெருக்கிப் பார்த்தால் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

இது நடக்கும் விதம் எளிமையானது. நாம் உணவை உடைத்து, கிடைக்கும் எலெக்ட்ரானை மூச்சில் வரும் ஆக்ஸிஜனிடம் ஒப்படைக்கிறோம். ஆக்ஸிஜனே இல்லாத ஆற்றுச் சேற்றில் வாழும் பாக்டீரியா என்ன செய்யும்? சில இனங்கள் அந்த எலெக்ட்ரானை உடலுக்கு வெளியே கடத்தி, பக்கத்தில் கிடக்கும் இரும்புத் துருவிடம் தள்ளிவிடுகின்றன. 1987-ல் அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்று வண்டலில் டெரெக் லவ்லி கண்டெடுத்த ஜியோபாக்டர் அந்த ரகம். துரு இருக்கும் இடத்தில் ஒரு கார்பன் தகட்டை வைத்தால் எலெக்ட்ரான் அதில் இறங்கும். கம்பி வழியே மறுமுனைக்கு ஓடி அங்கே காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து தண்ணீராகும். நுண்ணுயிர் எரிபொருள் செல் என்பது இவ்வளவுதான்.

எலெக்ட்ரானை வெளியே கொண்டுபோகும் நுண் இழை எதனால் ஆனது என்பதில் மட்டும் பெரிய சண்டை. 2005-லிருந்து அது பாக்டீரியாவின் மேலுள்ள சாதாரண ரோமம் என்றே பலர் நம்பினார்கள். 2019-ல் யேல் பல்கலைக்கழகத்தில் நிகில் மல்வாங்கரின் குழுவும் கூட்டாளிகளும் உறைகுளிர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, அது இரும்பு ஏந்திய ஹீம் மூலக்கூறுகள் வரிசையாகக் கோர்க்கப்பட்ட ஒரு புரதச் சங்கிலி என்று காட்டினார்கள். நம் ரத்தத்துக்குச் சிவப்பு தருவதும் ஹீம்தான். இப்படி உயிர் தானே நெய்துகொள்ளும் மின்கம்பியை ஆய்வகத்தில் வளர்த்து உணர்கருவிகளில் பயன்படுத்தலாமா என்ற கேள்வியில்தான் நுண்ணுயிர் ஆற்றலும் ஸ்மார்ட் உயிர்ப்பொருளும் ஒரே துறையாகின்றன.

காகிதத்தில் ஓர் ஆலை

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எந்த நிறுவனத்தின் கணக்கும் இல்லை. உணவு ஆலைக் கழிவுநீருக்குப் பொறியாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவில் நாமே போடுவது. நாளுக்கு 1 லட்சம் லிட்டர் கழிவுநீர். லிட்டருக்கு 3 கிராம் சி.ஓ.டி., அதாவது அதிலுள்ள அழுக்கை முழுக்க எரித்துத் தீர்க்க அவ்வளவு ஆக்ஸிஜன் தேவை. மொத்தம் 300 கிலோ. அதில் 80 சதவீதத்தைப் பாக்டீரியா தின்று தீர்ப்பதாக வைத்தால் 240 கிலோ.

எரிபொருள் செல்லில் கிடைக்கும் எலெக்ட்ரானில் 30 சதவீதம் தகட்டுக்கு வந்து சேர்கிறது, 0.3 வோல்ட்டில் எடுக்கிறோம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நாள் முழுக்க ஓட்டினால் 72 யூனிட் வரும். இடைவிடாமல் 3 கிலோவாட். ஒன்றரை டன் ஏசி இரண்டை ஓட்டலாம். அதற்கு வேண்டிய தகடு? சதுர மீட்டருக்கு 1 வாட் கிடைத்தால் முக்கால் ஏக்கர் பரப்பு. நிஜக் கழிவுநீரைப் பெரிய தொட்டியில் விடும்போது அந்த 1 வாட் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடுவது சகஜம். அப்போது ஏழு ஏக்கருக்கு மேல் தகடு வேண்டும்.

சரி, செல்களை வரிசையாகக் கோர்த்து வோல்ட்டை ஏற்றலாமே என்றால் அதிலும் ஒரு வினை இருக்கிறது. பத்து செல்லில் ஒன்றுக்குத் தீனி குறைந்துபோனால், மற்ற ஒன்பதும் சேர்ந்து அதன் மின்துருவத்தையே புரட்டிப்போட்டுவிடும். எதிர்முனைத் தகட்டில் சில மாதங்களில் வழவழப்பாகப் படலம் படிந்து காற்று புகாது. பிளாட்டினம் பூசினால் விலை ஏறும். அதற்கு மாற்றாக வந்த ஆக்டிவேட்டட் கார்பன் செலவைக் குறைத்தது, படலத்தைத் தடுக்கவில்லை.

அதே 240 கிலோவை மூடிய தொட்டியில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களிடம் கொடுத்தால் 84 கன மீட்டர் மீத்தேன் வரும். என்ஜினில் எரித்தால் ஏறக்குறைய 290 யூனிட். நான்கு மடங்கு. இதில் தகடுமில்லை, கம்பியுமில்லை.

இன்னொரு எண்ணையும் கவனிக்க வேண்டும். வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றை ஊதி ஊதித்தான் அழுக்கைக் கரைக்கிறார்கள். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 1 யூனிட் என்று வைத்தால் ஊதுகுழல் ஒன்றுக்கே தினமும் 240 யூனிட். காற்று ஊதாமல் பாக்டீரியாவைக் கொண்டே சுத்தம் செய்துவிட்டால், அது தரும் 72 யூனிட்டைவிட நாம் செலவழிக்காமல் விட்ட 240 யூனிட்தான் பெரிய லாபம். கூடவே சேறும் குறையும். சேற்றை அள்ளிக் கொட்டுவது எவ்வளவு செலவு பிடித்த தலைவலி என்பது ஆலை நடத்துகிறவர்களுக்குத் தெரியும்.

சேலத்துக்காரர்கள் முந்திக்கொண்டார்கள்

நுண்ணுயிர் ஆற்றல் என்றதும் வெளிநாட்டு ஆய்வகத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. சேலம், நாமக்கல் பக்கத்தில் குச்சிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளைப் பார்த்தால் போதும். கிழங்கைக் கழுவி, அரைத்து, மாவைப் படியவிட்டு, திப்பியைப் பிரித்த பிறகு மிஞ்சும் தண்ணீர் ஒரு காலத்தில் ஓடையிலும் வயலிலும் கிடந்து நாறியது. மாசு வாரியத்தின் நெருக்கடியும் மின்கட்டணமும் சேர்ந்து விரட்டியதில் பல ஆலைகள் அந்தத் தண்ணீரை மூடிய தொட்டிக்குத் திருப்பிவிட்டன. அதில் வரும் வாயுவில் ஜெனரேட்டர் ஓடுகிறது. ‘கேஸ் பிளான்ட்’ என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள்; யாரும் அதைச் சாதனை என்று போட்டோ பிடித்துப் போடுவதில்லை.

இப்படிப்பட்ட தொட்டிகளில் புகழ்பெற்ற ஒரு வகையை 1970-களில் நெதர்லாந்தில் உருவாக்கியவர் காட்சே லெட்டிங்கா. சர்க்கரை ஆலைக் கழிவுநீரைக் கீழிருந்து மேலாக மெதுவாக ஏற்றினால் பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று ஒட்டி மணி மணியாகத் திரண்டு அடியிலேயே தங்கிவிடும். உலகம் முழுக்க அது பரவியதற்குக் காரணம் தொழில்நுட்பம் மட்டும் இல்லை, லெட்டிங்கா காப்புரிமை வாங்க மறுத்ததும்தான். கங்கையைச் சுத்தம் செய்யும் திட்டத்தில் கான்பூருக்கு வந்ததும் இந்த வகைதான்.

மீத்தேனைவிட ஹைட்ரஜன் சுத்தமானதாயிற்றே என்ற கேள்வி வரும். அதையும் தமிழ்நாட்டில் பெரிய அளவிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். சென்னை முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையத்தின் டி.எம். வத்சலாவும் சக ஆய்வாளர்களும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு அது. சாராய ஆலைக் கழிவை 100 கன மீட்டர் கலனில் நிரப்பி, மூன்று வகை பாக்டீரியாவை விட்டு எடுத்த ஹைட்ரஜன் 21 கிலோவுக்குச் சற்று மேல். ஹைட்ரஜனில் ஓடும் டொயோட்டா மிராய் கார் நான்கின் டேங்க் ஏறக்குறைய நிரம்பும். லாரிக்கணக்கில் கழிவுக்கு நான்கு கார். இது அவர்கள் குறையில்லை, வேதியியலின் கட்டு. இருட்டில் நடக்கும் நொதித்தலில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு அதிகபட்சம் 4 ஹைட்ரஜன் மூலக்கூறு வரும். முழுக்கப் பிழிந்தால் 12 வர வேண்டும். மிச்சம் அசிட்டிக் போன்ற அமிலங்களாகத் தண்ணீரிலேயே தங்கிவிடும்.

தங்கியதையும் விடாமல் பிடிக்க ஒரு வழி உண்டு. எரிபொருள் செல்லைத் திருப்பிப்போட்டு, வெளியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் ஊட்டினால் அமிலத்தைத் தின்னும் பாக்டீரியா ஹைட்ரஜனைத் தரும். தண்ணீரைப் பிளக்கக் குறைந்தது 1.23 வோல்ட் வேண்டும். இதற்குக் கோட்பாட்டளவில் 0.14 போதும், நடைமுறையில் அரை வோல்ட் வாக்கில் ஆகும். 2005-ல் வந்த யோசனை. இந்தத் துறையில் நம்பிக்கை வைக்கத் தகுந்த ஒன்று.

ஹைதராபாத் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிலையத்தில் (ஐ.ஐ.சி.டி.) கழிவிலிருந்து ஹைட்ரஜன், மின்சாரம், பிளாஸ்டிக் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்தெடுக்கும் வழியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த எஸ். வெங்கட மோகன் 2014-ல் பட்நாகர் விருது பெற்றார். அவர் படித்தது திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வரவழைத்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திலும் (செக்ரி) பாக்டீரியா மின்முனை ஆராய்ச்சி நடக்கிறது. ஆள் இல்லை, அறிவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

விளக்கு வேண்டாம், காவல் போதும்

மின்சாரம் கொஞ்சம்தான் என்றால் அந்தக் கொஞ்சத்தை வைத்து என்ன செய்யலாம்? தண்ணீரில் அழுக்கு எவ்வளவோ அவ்வளவுக்கு மின்னோட்டம் கூடும், குறையும். அப்படியானால் அந்த செல்லே ஓர் அளவுகோல். ஆலைக் கழிவுநீரின் பி.ஓ.டி.யை, அதாவது அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்ஸிஜனை, நம் நாட்டு முறைப்படி ஆய்வகத்தில் அளக்க 27 டிகிரியில் மூன்று நாள் காத்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் முடிவு வரும்போது தண்ணீர் எப்போதோ ஏரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். பாக்டீரியா செல் சில மணி நேரத்தில், சில சமயம் அதற்கும் முன்பே சொல்லிவிடும். கொரியாவில் இருபது ஆண்டுகளுக்கு முன்பே இப்படிப்பட்ட கருவிகளைச் செய்து காட்டினார்கள்.

கிழக்கே பழவேற்காடு ஏரி, தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், நடுவே ஸ்ரீ சிட்டி. இந்தக் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அமையாது. தேவையான இரண்டு கைகளும் இங்கேயே இருக்கின்றன: 2013-ல் வந்த ஐ.ஐ.ஐ.டி.யில் மின்னணுவியல், 2018-ல் வந்த கிரியா பல்கலைக்கழகத்தில் உயிரியல். காளஹஸ்தியைத் தாண்டிப் போனால் ஏர்பேடு பக்கம் ஐ.ஐ.டி.யும் ஐசரும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 முதல் அதிகம் மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்களுக்கு இணையவழிக் கண்காணிப்பைக் கட்டாயமாக்கிவிட்டதால் கருவிக்குச் சந்தையும் உண்டு.

இறால் ஓடும் இதய வால்வும்

இனி ஸ்மார்ட் உயிர்ப்பொருளுக்கு வருவோம். தடாவிலிருந்து நெல்லூர் வரை கடலோரம் முழுக்க இறால் குட்டை. வளர்ப்பு இறாலில் இந்தியாவில் ஆந்திரம்தான் முதலிடம். தலையும் ஓடும் கழித்தால் இறாலின் எடையில் ஏறக்குறைய பாதி போய்விடும். அந்தக் கழிவில் இருக்கிறது கைட்டின். நீர்த்த அமிலத்தில் சுண்ணாம்பைக் கரைத்து, காரத்தில் புரதத்தை நீக்கி, மறுபடி கடுங்காரத்தில் வேகவைத்தால் கைட்டோசான்.

இது உண்மையிலேயே புத்தியுள்ள பொருள். சற்றே அமிலம் கூடினால் அதன் மேல் நேர்மின்னேற்றம் ஏறி, உப்பி, உள்ளே வைத்த மருந்தை விட்டுவிடும். ரத்தச் சிவப்பணுக்களின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது. ஆகவே காயத்தில் அழுத்தினால் அணுக்கள் வந்து ஒட்டிக்கொண்டு ரத்தம் நிற்கும். கிளிசரோபாஸ்பேட் என்ற உப்பைச் சேர்த்தால் அறை வெப்பத்தில் திரவமாக இருந்து, ஊசியில் ஏற்றியதும் உடல் சூட்டில் ஜெல்லாக உறையும். அகமதாபாத்தில் தொடங்கிய ஆக்ஸியோ நிறுவனம் கைட்டோசானில் ரத்தம் நிறுத்தும் கட்டுத்துணி செய்து விற்கிறது. நம் கடற்கரையிலோ இறால் ஓடு பெரும்பாலும் கோழித் தீவனத்துக்கும் உரத்துக்கும் போகிறது.

ஆய்வகத்தில் ஜெல் உறைவதற்கும் ஆஸ்பத்திரி அலமாரிக்கு வருவதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ளத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிலையத்தின் கதையைப் படிக்க வேண்டும். எம்.எஸ். வலியத்தான் தலைமையில் 1970-களின் பிற்பகுதியில் இதய வால்வு செய்யத் தொடங்கினார்கள். முதல் மாதிரியில் பற்றவைத்த இடம் விட்டுப்போனது. இரண்டாவதில் டைட்டானியம் தேய்ந்தது. மூன்றாவது விலங்குச் சோதனை வரை நன்றாகப் போய், கடைசியில் நீலக்கல் தட்டு உடைந்தது. நான்காவது மாதிரியில் உறுதியான பாலித்தீன் தட்டைப் போட்டார்கள். 1990 டிசம்பர் 6-ல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டி.டி.கே. நிறுவனம் தயாரிக்க, இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் நெஞ்சில் அது துடித்திருக்கிறது. மூன்று முறை தோற்றபோதும் பணம் நிற்கவில்லை என்பதுதான் இந்தக் கதையில் நான் அடிக்கோடிடும் வரி.

இன்றைய ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஆயுள் பெரும்பாலும் மூன்று ஆண்டு. முதல் ஆண்டு கருவி வாங்குவதில் போகும், இரண்டாவது ஆண்டில் மாணவர் பழகுவார், மூன்றாவது ஆண்டில் கட்டுரை எழுதி பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்புவார்கள். சித்ராவுக்கு இந்தக் கெடு வைத்திருந்தால் முதல் மாதிரியோடு முடிந்திருக்கும். இந்தியா தன் உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்தான் ஆராய்ச்சிக்குச் செலவழிக்கிறது. 2023 சட்டத்தின்படி வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுக்கு 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் 36,000 கோடி தனியாரிடமிருந்தும் பிற வழிகளிலும் வர வேண்டுமாம். 2025 ஜூனில் கருவி வாங்கும் விதிகளைத் தளர்த்தியது நல்ல காரியம். மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை தேதி தவறாமல் வந்தாலே பாதி ஆராய்ச்சி நடந்துவிடும் என்று புலம்பும் ஆய்வு மாணவர்களைத் தெரியாத பேராசிரியர் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஸ்ரீ சிட்டியைப் போல ஆலையும் கல்லூரியும் ஒரே வளாகத்தில் பக்கத்து வீடாக அமைந்த இடம் நம் பக்கத்தில் அதிகமில்லை. நிதி தரும் அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நுண்ணுயிர் ஆற்றலுக்குப் பணம் ஒதுக்கும்போது, எத்தனை வாட் என்று கேட்காதீர்கள். எத்தனை லிட்டர் சுத்தமானது, ஊதுகுழல் எவ்வளவு நேரம் நின்றது, எத்தனை டன் சேறு குறைந்தது என்று கேளுங்கள். தொட்டியை ஆய்வக மேசையில் வைக்காமல் ஆலையின் கழிவுநீர்க் குழாயில் இணைக்கச் சொல்லுங்கள். சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் அது ஓடியதைப் பார்த்த பிறகு இரண்டாம் தவணையைக் கொடுங்கள். தோற்றுப்போனால் ஏன் தோற்றது என்று எழுதி வாங்கிக்கொண்டு மூன்றாம் தவணையையும் கொடுங்கள்.